சாவிப் பக்கத்து ஆள்

போன வாரம் பவித்ரா போன் செய்தார். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த லாரி யார்டில் இப்போது எலெக்ட்ரிகல் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. என் போன் அடித்தால் பெரும்பாலும் மனை விற்கிறவர்களாகத்தான் இருக்கும். படப்பையில் காலி மனைகளுக்கு நடுவே ஒற்றை வீட்டில் குடியிருப்பவனிடமே மனை விற்கப் பார்க்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லத் தயாராகத்தான் எடுத்தேன்.

"சார், ஒரு ஹெல்ப். பழைய லாரி ஒண்ணு மிச்சம் இருக்குல்ல, அது காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. இங்க எல்லாரும் பேட்டரி வண்டிக்கு டிரெயினிங் எடுத்தவங்க. ஹீட்டர் பிளக் சர்க்யூட்ட எப்படி செக் பண்றதுன்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன். போர்டுல ஒட்டறோம். பழைய ஃபைல் எல்லாம் ஸ்கேன் பண்ணிக்கிட்டிருக்கோம், அதோட இதையும் ஏத்திடறோம்."

சரி என்றேன். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் புனேயில். என்னிடம் ஒருவர் ஒன்று கேட்டு வெகுநாளாகிவிட்டதால், அன்று சாயங்காலமே போய் நோட்டும் பேனாவும் வாங்கி வந்தேன். முதல் பக்கம் தானாக வந்தது. இரண்டாம் பக்கத்தில் டிரைவர் தாஸ் வந்து நின்றுகொண்டார். அவரைத் தள்ளிவிட்டு எழுத முடியவில்லை. அதனால் பவித்ரா, இது இரண்டு பக்கத்தில் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்தில் ஐ.டி.ஐ. முடித்து, ஒரு பேட்டரி கடையில் மூன்று வருஷம் ஆசிட்டில் சட்டையை ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்ததும், அவற்றுக்குச் சாமான் ஏற்றிப்போகும் கான்ட்ராக்டரிடம் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தினால் சூடாகும், அந்தச் சூட்டில் டீசல் பற்றிக்கொள்ளும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும் என்பதால், பழைய எஞ்சின்களில் சிலிண்டருக்கு ஒன்றாகப் பென்சில் தடிமனில் ஹீட்டர் பிளக் இருக்கும். சாவியை ஒரு திருகு திருகினால் பேட்டரி கரண்ட் ரிலே என்கிற சுவிட்ச் வழியாக ஒரு தடித்த ஒயரில் ஓடி, நாலு பிளக்கையும் சேர்க்கும் தகட்டுப் பட்டைக்கு வரும். பிளக் முனை சிவக்கும். டாஷ்போர்டில் சுருள் படம் போட்ட விளக்கு எரிந்து, பத்து எண்ணுவதற்குள் அணையும். அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிடுகிறேன். அந்த விளக்குக்கும் பிளக் சூடாவதற்கும் சம்பந்தமே கிடையாது. விளக்கு நேரத்தை எண்ணி எரிந்து, எண்ணி அணையும். கீழே நாலு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்குத் தன் கடமையைச் செய்யும். அதை நம்பாதீர்கள்.

இந்த ஊர் எலெக்ட்ரீஷியன்களுக்கு ஹீட்டர் பிளக் என்றால் இளக்காரம். "நம்ம வெயிலுக்கு இது எதுக்குபா? சும்மா ஷோவுக்கு" என்பார்கள். ஒயர் எரிந்தால் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சித்திரை வெயிலில் வண்டி பிளக்கே இல்லாமல் கிளம்பும், யாருக்கும் தெரியாது. இப்படி வெட்டிவிட்ட லாரி ஒன்று மார்கழியில் ஓசூர் போய், விடியற்காலை அங்கேயே உட்கார்ந்துகொண்டது. டிரைவர் அங்கிருந்து போனில் திட்டிய திட்டில் எங்கள் யார்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வெட்டியது நான் இல்லை என்பதால் நானும் சிரித்தேன். ஆனால் அந்த இளக்காரம் எனக்கும் இருந்தது.

இந்தக் கோளாறில் இன்னொரு தொல்லை உண்டு. குளிர்ந்த எஞ்சினில்தான் அது தெரியும். தள்ளியோ இழுத்தோ ஒரு தடவை கிளப்பிவிட்டால், அன்றைக்கு முழுக்க வண்டி தொட்டால் கிளம்பும். கோளாறைப் பார்க்க மறுநாள் விடியற்காலைதான். அதாவது ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

அடுத்தது, இது இரண்டு ஆள் வேலை. பிளக்குக்குக் கரண்ட் வருவது சாவியைத் திருகிய பிறகு சில நொடிகள்தான். ஒருவர் சாவி பக்கம், ஒருவர் பானெட் பக்கம். என் சாவிப் பக்கத்து ஆள் ஆரோக்கியதாஸ்.

தாஸ் சுங்குவார்சத்திரம் பக்கம். என் வயது. முதல் டிரிப் ஓட்டுபவர், ஆறரைக்குள் சாமான் கம்பெனிக்குள் போயாக வேண்டும், போகாவிட்டால் அங்கே லைன் நிற்கும். மற்ற டிரைவர்கள் வண்டியை எலெக்ட்ரீஷியனிடம் விட்டால் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். தாஸ் மட்டும் கேபினில் ஏறி உட்காருவார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டபடி "போடு!" என்பேன். "போட்டாச்சு!" என்று மேலிருந்து குரல் வரும். அதோடு நிற்க மாட்டார். "வெளக்கு வந்துச்சி... இன்னும் கீது... போச்சி!" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார். மத்தியானம் லாரி நிழலில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு என் வீட்டுத் தயிர் சாதம். யார்டில் எனக்கு வேறு சிநேகிதர் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

எங்கள் மேலாளர் வரதன் சார். ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். காலையில் எட்டு மணிக்கு நெற்றியில் திருமண் கலையாமல் வருவார், மாலையில் அது கலையாமலே போவார். வாட்ச்மேனைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். எஞ்சினைக் கையால் தொட மாட்டார், பென்சிலின் பின்பக்கத்தால் சுட்டிக் காட்டுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதும் அதே குரல்தான், அதனால்தான் எங்களுக்குப் பயம்.

ஜாப் கார்டு விஷயத்தில் மட்டும் அவர் விட மாட்டார். புகார், கண்டது, செய்தது என்று மூன்று கட்டம். நாங்கள் எழுதிக் கொடுத்ததை எங்களுக்கே மெல்லப் படித்துக் காட்டுவார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இப்படியே ஃபைல் பண்ணிடலாமா?" என்பார். ஆமாம் என்றால் அது சாசனம். அதற்கப்புறம் யாரும் அதைத் திருத்த முடியாது.

ஒரு வருஷம் மழைக்காலம் ஆரம்பித்ததும் தாஸ் வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. ஸ்டார்ட்டரை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, செக்யூரிட்டியும் லோடிங் ஆட்களும் சேர்ந்து தள்ளுவார்கள். ஒரே வாரத்தில் மூன்று நாள் சாமான் லேட். கம்பெனியிலிருந்து வரதன் சாருக்குப் போன் மேல் போன்.

இதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால்தான் தாஸ் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருந்தார். அவர் மனைவி மேரிக்குக் காலில் ஆபரேஷன். காலையில் அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, சாப்பிட வைத்துவிட்டு வர வேண்டும். "பார்க்கலாம்" என்றார் வரதன் சார். அவர் அகராதியில் அதற்கு முடியாது என்று அர்த்தம். ஷிஃப்ட் கிடைக்காத ஆளின் வண்டி காலையில் மட்டும் கிளம்பாமல் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒயரைக் கழற்றிவிட்டுப் பிறகு மாட்டிவிடுகிறான் என்று யார்டில் பேச்சு கிளம்பிவிட்டது.

வரதன் சார் என்னைப் பார்க்கச் சொன்னார். நான் ஜெனரல் ஷிஃப்ட், ஒன்பதரைக்கு வருபவன். தாஸ் டிரிப் முடிந்து வந்து நின்றார்.

"இப்ப இன்னா பாக்கப் போற? இப்ப தொட்டா கெளம்பும். நாளைக்கி வெடிகாலம் வந்து ஒரு தபா பாரு ஏகாம்பரம்."

"மழையில எவன் வர்றது? சர்க்யூட்டு எப்ப பாத்தாலும் சர்க்யூட்டுதானே."

இதை அப்படியே எழுதியிருக்கிறேன், நான் சொன்னது இதுதான். மொபெட் இருந்தது, வழி தெரியும், வந்திருக்கலாம். சோம்பல், வேறொன்றுமில்லை.

தகட்டுப் பட்டையைப் பிளக்குகளிலிருந்து கழற்றினேன். தாஸ் சாவியைப் போட்டார். டெஸ்ட் லேம்பைப் பட்டையில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. பிறகு பிளக் ஒவ்வொன்றாக. நாலும் சரி. ரிலே டக் என்றது. ஜாப் கார்டில் கண்டது என்ற கட்டத்தில், "ஹீட்டர் பிளக் சர்க்யூட் நல்ல நிலையில் உள்ளது. கோளாறு இல்லை" என்று எழுதினேன். வரதன் சார் படித்தார்.

"இப்படியே ஃபைல் பண்ணிடலாமா ஏகாம்பரம்?"

"பண்ணிடலாம் சார்."

அன்று மாலையே தாஸை சஸ்பெண்ட் செய்தார்கள். கேட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது என்னைப் பார்த்து, "கோளாறு இல்லன்னு எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். நான் தப்பாக எழுதியிருப்பேன் என்று அவருக்கு இன்னும் தோன்றவில்லை, எங்கேயோ ஏதோ குழப்பம் என்றுதான் நினைத்தார். அது இன்றுவரை என்னை அறுக்கிறது.

வண்டியை மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றி வேறு டிரைவரிடம் கொடுத்தார்கள். இரண்டு மணி வரை பகல் சூட்டில் நின்ற எஞ்சின் அழகாகக் கிளம்பியது. பார்த்தீர்களா, ஆள் மாறியதும் வண்டி திருந்திவிட்டது என்றார்கள். நான் லாரி நிழலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். புது டிரைவரைச் சாவி பக்கம் நிற்கச் சொன்னால், திருகிவிட்டு டீக்கடைக்கு இறங்கிப் போனார். "போடு" என்று நான் கத்தியது காலி கேபினுக்குக் கேட்டிருக்கும்.

ஒரு வாரம் தாங்கினேன். பிறகு ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றேன். வாட்ச்மேனிடம் சாவி வாங்கினேன். அவர் தூக்கக் கலக்கத்தில் காரணம் கேட்கவில்லை. ஏறித் திருகினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. ஸ்டார்ட்டரை இழுத்தேன். எஞ்சின் சுற்றியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடிக்கவே இல்லை. தாஸ் சொன்னது உண்மை. நான் எழுதியது பொய்.

பேட்டரி முழுக்க இறங்குமுன் நிறுத்தினேன். சாவி பக்கம் ஆள் இல்லாததால் மீட்டருக்கு நீளமாக ஒயர் இழுத்து, கேபின் ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். இந்தத் தடவை பட்டையைக் கழற்றவில்லை. பிளக்குகளோடு சேர்த்தே வைத்துச் சாவியைப் போட்டேன். ஏழு வோல்ட். பேட்டரியில் பன்னிரண்டு இருக்கிறது, பட்டைக்கு வருவது ஏழு.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய சோதனை. டெஸ்ட் லேம்பு குடிப்பது ஒரு சொட்டுக் கரண்ட். நாலு பிளக்கும் சேர்ந்தால் குடம் குடமாகக் கேட்கும். பட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எவ்வளவு அழுகிய ஒயரும் அந்த ஒரு சொட்டைக் கொடுத்துவிடும். சொட்டு வருவதைப் பார்த்துவிட்டுக் குழாய் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிற வேலைதான் நான் செய்தது. பட்டையைக் கழற்றாமல், பிளக்குகள் இழுக்கும்போது பாருங்கள். வோல்ட் குறைந்தால் ஒயரோடு ஒயராகப் பின்னால் போங்கள். எந்த இடத்தைத் தாண்டினால் குறைகிறதோ, அங்கேதான் கோளாறு.

ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒவ்வொரு இடமாக ஒயரை மாற்றிவைத்துப் பார்த்தேன். ரிலே வரை சரி. ரிலேயைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். தொட்டேன், சுட்டது. பிளக்கில் ஏற வேண்டிய சூடு அங்கே ஏறியிருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். டேப்பின் கடைசி முனை உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தது. அடுத்தவன் பிரிக்கும்போது சுலபமாக இருக்கட்டும் என்று அப்படி மடிப்பவன் அந்த யார்டில் ஒருவன்தான். நான்தான் அது.

சித்திரையில் அந்த இடத்தில் ஒயர் எரிந்து வண்டி வந்திருந்தது. தடித்த ஒயர் ஸ்டோரில் இல்லை. கையில் கிடந்த மெல்லிய ஒயரை முறுக்கி டேப் சுற்றி, நம்ம வெயிலுக்கு இது போதும் என்று அனுப்பிவிட்டேன். ஜாப் கார்டில்கூட எழுதவில்லை. மறந்தும் போய்விட்டது. இப்போது பிரித்தால் உள்ளே பச்சையாகப் பூத்துப்போயிருந்தது.

வெட்டி எறிந்துவிட்டுப் புதிய தடித்த ஒயர் போட்டேன். முனையில் செம்பு லக் வைத்து அழுத்தி, போல்ட்டை முறுக்கி, மேலே டேப் சுற்றி வழக்கம்போல முனையை மடித்தேன். சாவியைப் போட்டுப் பத்து எண்ணி இழுத்தேன், இருந்த கொஞ்சம் பேட்டரியிலேயே ஒரே பிடியில் பிடித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எட்டு மணிக்கு வரதன் சார் அறை வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். நான் வாய் திறக்குமுன் அவரே, "வாங்கோ. தாஸ் நேத்து சாயங்காலம் வந்தார். லெட்டர் கொடுத்துட்டார். திங்கட்கிழமைலேர்ந்து டூட்டிக்கு வரட்டும்" என்று ஒரு காகிதத்தைப் பென்சிலால் என் பக்கம் தள்ளினார்.

மன்னிப்புக் கடிதம். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். தப்பு செய்தவரும் எழுதுவார், செய்யாதவரும் எழுதுவார், எழுதினால் உள்ளே, எழுதாவிட்டால் வெளியே. குமாஸ்தா சொல்லச் சொல்ல எழுதிய வாசகம். "வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாதபடி செய்தது நான்தான். குடும்பச் சூழ்நிலை காரணமாக அப்படிச் செய்துவிட்டேன்." கீழே தாஸின் கோணல் கையெழுத்து. மேரி படுக்கையில் இருக்கும்போது அவர் வேறு என்ன செய்வார்?

"உங்க ரிப்போர்ட் கிளியரா இருந்தது, அதான் சீக்கிரம் முடிஞ்சது" என்றார் வரதன் சார். "நீங்க என்னவோ சொல்ல வந்தேளே?"

"ஒண்ணுமில்ல சார்."

வேலைதான் கிடைத்துவிட்டதே, இனி எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படி இறங்கினேன். பயந்துவிட்டேன். அதுதான் உண்மை.

திங்கட்கிழமை தாஸ் பழையபடி முதல் டிரிப்புக்கு வந்தார். வண்டி முதல் இழுப்பிலேயே கிளம்பியது. மறுநாளும் அப்படித்தான். எழுதிக் கொடுத்த பிறகு வண்டி எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்று யார்டே சிரித்தது. அவர் கையெழுத்துப் போட்ட பொய்யை என் புது ஒயர் தினமும் காலையில் நிஜமாக்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் தினமும் ஆயில், தண்ணீர் பார்க்க பானெட்டைத் திறப்பவர். புது ஒயரும், மடித்த டேப் முனையும் அவர் கண்ணில் படாமல் இருக்குமா? அந்த வாரம் ஹெட்லைட் வேலைக்காக வண்டி என்னிடம் வந்தது. வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார்.

"போடு!" என்றேன்.

விளக்கு எரிந்தது. மேலே சத்தமில்லை.

"நிறுத்து!"

அணைந்தது. அவ்வளவுதான். சாவியைச் சொன்னபடி போட்டார், சொன்னபடி நிறுத்தினார். பதில் மட்டும் சொல்லவில்லை. மத்தியானம் அவர் கேபினிலேயே சாப்பிட்டார். நான் நிழலில் சாப்பிட்டேன். பதினோரு வருஷம் இப்படியே போனது. ஒரு தடவையாவது ஏறிப்போய் ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாரே என்று கேட்கவில்லை. நடுவில் வரதன் சார் ஓய்வு பெற்றுப் போனார். என் மனைவியும் போனாள். அவள் சாவுக்குத் தாஸ் வந்து மாலை போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்போதும் பேசவில்லை.

தாஸ் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் கேக் வெட்டி முடித்த பிறகு, சாவியை ஆபீசில் கொடுக்கப் போனவரை வழியில் நிறுத்தினேன். சித்திரையில் போட்ட ஜாயின்டிலிருந்து வரதன் சார் அறை வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பாதியில் அழுதுவிட்டேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்கு அந்தத் திங்கக்கெழமயே தெரியும்பா" என்றார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "என் கையில சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்குதான் தெரியுமே. தெரியாதவங்க கையில சொல்லு. வண்டியக் கெடுத்தவன்னு எம்மேல எழுதி வெச்சிக்கீறாங்க பாரு, அங்க போய் சொல்லு."

உள்ளே கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். பத்தடி தூரம். அன்றும் நான் போகவில்லை.

இப்போது நீங்கள் பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்கிறீர்கள். தாஸ் ஃபைலில் அந்தக் கடிதம் இருக்கும். கம்ப்யூட்டரில் ஏறினால் அவர் காலத்துக்கும் என் காலத்துக்கும் பிறகும் அது இருக்கும். எனவே கீழே உள்ளதை அதோடு சேர்த்து ஏற்றுங்கள், போர்டிலும் ஒட்டுங்கள். தாஸுக்கு அனுப்ப வேண்டாம். அவருக்குத் தெரியும்.

ஜாப் கார்டு.
புகார்: காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஓட்டுநர் ஆரோக்கியதாஸ் சொன்னது முழுக்க உண்மை.
கண்டது: ரிலேக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய ஒயரில் மட்டமான ஜாயின்ட். போட்டவர் எலெக்ட்ரீஷியன் ஏகாம்பரம். முதலில் கோளாறு இல்லை என்று எழுதியவரும் அவரே.
செய்தது: ஒயர் மாற்றப்பட்டது. ஓட்டுநர் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதைச் சொல்லாமல் மறைத்தவரும் அவரே.

பவித்ரா, ஒரு தடவை மெல்லப் படித்துப் பாருங்கள். இப்படியே ஃபைல் பண்ணிடலாம்.